வாவிக்குள் காது வைக்க ஒரு வடிகட்டி: எந்தச் சுற்று நல்லது?

வாவிக்கரையான் (கல்லடி)

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பழைய பாலத்தடியில் தோணியை நிறுத்தி, தண்ணீருக்குள்ளிருந்து வரும் பாடும் மீனின் சத்தத்தைக் கேட்பது எங்கள் ஊரில் புதிய விஷயமில்லை. துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் ஊன்றி மறுமுனையைக் காதோடு சேர்த்து வைப்பார்கள். அப்பப்பா கேட்டிருக்கிறார். அப்பா கேட்டதாகச் சொல்லுவார். எனக்குக் கேட்டது நுளம்பின் பாட்டு மட்டும்தான்.

அதனால் ஒரு நீரடி மைக் செய்தேன். 27 மில்லிமீற்றர் பீசோ தட்டு ஒன்று, மேலே அரல்டைட் பூச்சு, 10 மீற்றர் ஷீல்ட் வயர். போனின் மைக் துளையில் செருகிப் பார்த்தால் கிரீச், கரமுர என்று மெல்லிய சத்தம் மட்டும் வருகிறது. ஆழமே இல்லை. எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்பதைக் காதால் கேட்டுத்தான் முடிவு செய்ய முடியும். ஆகவே குமிழைத் திருப்பி மாற்றக்கூடிய ஒரு வடிகட்டி வேண்டும். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவன், செயற்பாட்டு விரியலாக்கி (சமிக்ஞையைப் பெருக்கும் ஒப்-ஆம்ப் சிப்) வரை ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேல் நீங்கள்தான்.

சிப்புப்பிரியன் (ஆரையம்பதி)

மச்சான், எந்தக் காலத்தில் இருக்கிறாய்? எல்லாவற்றையும் அப்படியே பதிவு செய். வீட்டுக்கு வந்து கணினியில் ஒடாசிட்டியைத் திறந்து வேண்டியதை வெட்டு. ஈயமும் வேண்டாம், புகையும் வேண்டாம்.

றேடியோக் காக்கா (கல்முனை)

தம்பி, வடிகட்டி இல்லாதது உங்கள் பிரச்சினை இல்லை. உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. தெரியாமல் செய்துவிட்டீர்கள்.

பீசோ தட்டு மின்சாரத்துக்கு ஒரு கண்டென்சர் மாதிரி. அந்த அளவுத் தட்டில் ஏறக்குறைய 20 நானோ ஃபாரட் இருக்கும். போனின் மைக் துளை உள்ளே ஒன்றிரண்டு கிலோ ஓம்தான். கண்டென்சர் தொடரில், ரெசிஸ்டர் ஏர்த்துக்கு: இது தாழ்வை வெட்டும் சுற்று. நான் கடையில் வைத்திருக்கும் குறுக்குவழி: 159,155 ஐ, கிலோ ஓமையும் நானோ ஃபாரட்டையும் பெருக்கிவரும் எண்ணால் வகுத்தால் ஹெர்ட்ஸ் வரும். 2 ஐ 20 ஆல் பெருக்கினால் 40. வகுத்தால் ஏறக்குறைய 4000 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே எல்லாம் கரைந்துபோய்விட்டது. பிறகு ஆழம் எங்கே வரும்?

முதலில் ஒரு பஃபர் போடுங்கள், தட்டிலிருந்து மின்னோட்டம் இழுக்காமல் சமிக்ஞையை அப்படியே கடத்தும் சுற்று. டிஎல்072 போதும், உள்ளே ஜெஃபெட் இருப்பதால் தட்டை இழுக்காது. ஏர்த்துக்கு 1 மெகா ஓம். அப்போது வெட்டு 8 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும்.

உப்புக்காத்து (பாண்டிருப்பு)

காக்கா சொல்வது சரி. ஆனால் 10 மீற்றர் ஷீல்ட் வயரும் மேல்சத்தத்தைத் தின்னும்தானே? மீற்றருக்கு 100 பிக்கோ என்று வைத்தாலும் மொத்தம் 1 நானோ ஃபாரட். பஃபரைத் தட்டோடு சேர்த்துத் தண்ணீருக்குள் இறக்க வேண்டும்.

தொகையீடு (ஒலுவில், பொறியியல் இரண்டாம் வருடம்)

அண்ணா, மூலம் ஒரு ரெசிஸ்டராக இருந்தால் அது உண்மை. கிற்றார் பிக்கப்புக்கும் அப்படித்தான் ஆகும். ஆனால் இங்கே மூலமே கொள்ளளவி. இரண்டு கொள்ளளவிகள் சேர்ந்தால் அது வெறும் பிரிப்பான். மீடிறன் எதுவானாலும் ஒரே விகிதம்தான். 21 இல் 20 பங்கு வந்து சேரும், அரை டெசிபெல்கூடக் குறையாது. பஃபர் தோணியிலேயே இருக்கட்டும். பற்றரிக்குத் தண்ணீர் காட்ட வேண்டாம்.

(இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்கு: எங்கள் பாடப்புத்தகத்தில் அதிர்வெண்ணை மீடிறன் என்போம். கொள்ளளவி என்பது மின்தேக்கி. நயம் என்றால் கெயின், எத்தனை மடங்கு பெருக்கம் என்பது, கவிதையோடு சம்பந்தமில்லை. ஓம் என்றால் ஆம்.)

உப்புக்காத்து

அட, ஓம். 15 வருடமாக ஈயம் வைக்கிறேன், இதை யோசிக்கவில்லை. நன்றி தங்கச்சி.

வாவிக்கரையான்

பஃபர் போட்டேன். இரண்டு 9 வோல்ட் பற்றரி. நேற்றுப் பின்னேரம் போனேன். சத்தம் வந்ததா என்று கேட்காதீர்கள், வாவி முழுவதும் வந்துவிட்டது. தோணியில் அலை அறைவது, எஞ்சின் படகு, நான் காலை நகர்த்துவது, எல்லாம் கேட்கிறது. பதிவுக் கருவியில் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. படகு போகும்போதெல்லாம் பதிவு வெட்டுப்பட்டுக் கரகரக்கிறது.

சிப்பு, உன் ஒடாசிட்டியில் போட்டுப் பார்த்தேன். வெட்டுப்பட்ட இடத்தில் எடுப்பதற்கு ஒன்றுமில்லை.

சிப்புப்பிரியன்

ஒலியளவைக் குறை.

வாவிக்கரையான்

குறைத்தால் மெல்லிய சத்தம் கருவியின் இரைச்சலுக்குள் போய்விடுகிறது.

சிப்புப்பிரியன்

32 பிட் மிதவைப் புள்ளிப் பதிவுக் கருவி வாங்கு. அதில் அந்தக் கவலையே இல்லை.

வாவிக்கரையான்

வாங்கித் தா மச்சான்.

றேடியோக் காக்கா

இலக்கமுறை கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய தாழ்வொலி இலக்கமாக மாறுமுன் போக வேண்டும். நிரம்பி வழிந்த வாளியில் விழுந்த கல்லைப் பிறகு தேடலாம், வழிந்த தண்ணீரைத் தேட முடியாது.

வேலையை லேசாக முடிக்க வேண்டுமானால் ஒரே ஒரு சாலன்-கீ. 1955 இல் அமெரிக்காவில் எம்ஐடி ஆய்வுகூடத்தில் இருந்த இருவர் எழுதிய சுற்று, இன்றைக்கும் கடையில் பாதி அம்பிளிஃபயருக்குள் இருக்கிறது. தாழ்வை வெட்ட: இரண்டு 10 நானோ தொடரில், நடுப்புள்ளியிலிருந்து வெளியீட்டுக்கு 39 கிலோ ஓம், உள்ளீட்டுக் காலிலிருந்து ஏர்த்துக்கு 75 கிலோ ஓம், நயம் 1. வெட்டு ஏறக்குறைய 294 ஹெர்ட்ஸில் விழும். கியூ (வெட்டும் இடத்தில் வளைவு எவ்வளவு கூர்மை என்பது) 0.69, அதாவது மேடில்லாமல் சமமாகப் போகும் பட்டர்வேர்த் வளைவுக்குப் பக்கத்தில். இரண்டு சுரம் கீழே போனால் 24 டெசிபெல், பதினாறில் ஒரு பங்கு. படகுச் சத்தம் அடங்கும்.

(இரண்டு சுரம் என்று எழுதியது பிழை, இரண்டு ஒக்டேவ், அதாவது மீடிறன் நாலிலொன்று. மருமகன் பக்கத்தில் இருந்து சிரிக்கிறான்.)

வாவிக்கரையான்

காக்கா, 39 கிலோவும் 75 கிலோவும் நிலையானவைதானே? எனக்குத் திருப்பிப் பார்க்க வேண்டும். 294 சரியா, 600 சரியா என்பது தண்ணீரில்தான் தெரியும்.

தொகையீடு

அப்படியானால் சாலன்-கீ உங்களைக் கஷ்டப்படுத்தும். அதில் மீடிறனும் கியூவும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. ஒரு ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் வெட்டும் நகரும், வளைவின் வடிவமும் மாறும். இரண்டையும் ஒரே விகிதத்தில் மாற்ற வேண்டும், அதிலும் ஒன்று மற்றதைப் போல் இரண்டு மடங்கு.

உங்கள் தேவைக்கு ஏற்றது நிலைமாறி வடிகட்டி. 1967 இல் கெர்வின், ஹ்யூல்ஸ்மன், நியூகோம் என்ற மூவர் வெளியிட்டது, அதனால் கேஎச்என் என்றும் சொல்வார்கள். ஒரு கூட்டும் விரியலாக்கி, அதன் பின்னால் இரண்டு தொகையீட்டுச் சுற்றுகள் (இன்டெகிரேட்டர்). (என் பெயரைப் பார்த்தாலே எனக்கு எதில் ஆசை என்று தெரியும்.) கூட்டியின் வெளியீட்டில் உயர்மீடிறன், முதல் தொகையீட்டின் பின் நடுப்பட்டை (ஒரு மீடிறனைச் சுற்றியுள்ளது மட்டும்), இரண்டாவதின் பின் தாழ்மீடிறன். மூன்றும் ஒரே நேரத்தில், மூன்று காலில். உயர்வையும் தாழ்வையும் சம ரெசிஸ்டரால் கூட்டினால் நான்காவதாக, ஒரு மீடிறனை மட்டும் வெட்டும் பள்ளமும் கிடைக்கும். டிஎல்074 இல் நான்கு விரியலாக்கிகள் இருக்கின்றன, ஒரே சிப்பில் எல்லாம் முடிந்துவிடும்.

ஏன் இப்படி வேலை செய்கிறது என்று யோசித்தால் அழகாக இருக்கும். தொகையீடு என்றால் மீடிறன் கூடக் கூட நயம் குறையும், ஒக்டேவுக்குப் பாதி. இரண்டு தரம் தொகையிட்ட சமிக்ஞையை உள்ளீட்டிலிருந்து கழித்தால், தாழ்ந்த மீடிறனில் பின்னூட்டல் பலமாக வந்து உள்ளீட்டை அழித்துவிடும். உயர்ந்த மீடிறனில் பின்னூட்டல் இருக்காது, அப்படியே போகும். எனவே கூட்டியின் வெளியீடு தானாகவே உயர்மீடிறன் வடிகட்டி ஆகிறது. நடுவிலிருந்து எடுக்கும் பின்னூட்டல் அதைத் தணிக்கும் பிரேக். பிரேக்கை எவ்வளவு பிடிக்கிறோம் என்பதுதான் கியூ. மீடிறன் ஒரு குமிழ், கியூ இன்னொரு குமிழ், ஒன்றைத் தொட்டால் மற்றது அசையாது. நீங்கள் கேட்டது இதுதானே?

கூட்டியின் எதிர்க்காலில் (−) உள்ளீடு, தாழ்வெளியீடு, பின்னூட்டல் மூன்றுக்கும் 10 கிலோ. நேர்க்காலுக்கு (+) நடுப்பட்டையிலிருந்து 3.3 கிலோவும் 100 கிலோ பொட்டும் (குமிழால் மாற்றும் ரெசிஸ்டர்) தொடரில், நேர்க்காலிலிருந்து ஏர்த்துக்கு 3.3 கிலோ. கியூ 0.67 இலிருந்து 10.8 வரை போகும்.

ஒரு எச்சரிக்கை. நடுப்பட்டையில் உச்ச நயமும் கியூவேதான். கியூ 10 என்றால் பத்து மடங்கு. 9 வோல்ட் இரண்டில் 0.7 வோல்ட் உள்ளே போனாலே தலை முட்டும் நேரம் வந்துவிடும். கியூவைக் கூட்டினால் உள்ளீட்டைக் குறையுங்கள்.

றேடியோக் காக்கா

பிள்ளை நன்றாக எழுதியிருக்கிறாள். நானும் என் சுற்றை வாபஸ் வாங்குகிறேன்.

மீடிறன் குமிழ் பற்றி ஒன்று. எல்லோரும் செய்வது, தொகையீட்டு ரெசிஸ்டரை 10 கிலோவோடு 100 கிலோ இரட்டைப் பொட்டாக (ஒரே குமிழில் இரண்டு பொட்) போடுவது. 10 நானோவுக்கு 145 முதல் 1590 ஹெர்ட்ஸ் வரை கிடைக்கும். காகிதத்தில் நல்லது. ஆனால் நேர்கோட்டுப் பொட் என்றால் பாதித் திருப்பில் 60 கிலோ, 265 ஹெர்ட்ஸ். மிச்சம் 1300 ஹெர்ட்ஸும் அடுத்த பாதிக்குள் நெரியும், கடைசியில் மயிரளவு திருப்பினாலும் பாயும். இதற்குத் தலைகீழ் லொக் (மடக்கை) பொட் வேண்டும். அதை இரட்டையாகக் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவிலும் தேடித்தான் எடுக்க வேண்டும்.

குப்பையில் கிடக்கும் பழைய கசெற் டெக்கைத் திறவுங்கள். வொலியூமுக்கு 10 கிலோ இரட்டை லொக் பொட் இருந்தால் போதும். அதை ரெசிஸ்டராகப் போடாமல், வொலியூமாகவே போடுங்கள். விரியலாக்கியின் வெளியீடு மேல்காலுக்கு, கீழ்க்காலிலிருந்து 1 கிலோ ஏர்த்துக்கு, நடுக்காலிலிருந்து 47 கிலோ வழியாகத் தொகையீட்டுக்கு. பாதிச் சமிக்ஞை கொடுத்தால் பாதி வேகத்தில் தொகையிடும், மீடிறனும் பாதி. 2.2 நானோவோடு 140 முதல் 1540 ஹெர்ட்ஸ் வரை, குமிழ் முழுவதும் ஓரளவு சமமாகப் பரவும். 22 நானோவும் 220 பிக்கோவும் சுவிட்சில் போட்டால் 14 ஹெர்ட்ஸிலிருந்து 15 ஆயிரத்துக்கு மேல் வரை உங்கள் கையில்.

இரட்டைப் பொட்டின் இரண்டு பக்கமும் பொருந்தாது என்று பயப்பட வேண்டாம். இந்தச் சுற்றில் மீடிறன் இரண்டின் பெருக்கத்து வர்க்கமூலம். ஒரு பக்கம் 20 சதவீதம் பிசகினால் மீடிறன் 10 சதவீதம் நகரும், அவ்வளவுதான்.

உப்புக்காத்து

கண்டென்சர் வாங்கும்போது எழுத்தைப் பாருங்கள். 222 என்பது 2.2 நானோ. அதன் பின் ஜே இருந்தால் 5 சதவீதம், கே இருந்தால் 10. இசட் இருந்தால் கூட 80 சதவீதம், குறைய 20 சதவீதம் வரை போகலாம். அது மின்வழங்கல் வரியில் இரைச்சல் குறைக்க மட்டும் நல்லது. இரண்டு தொகையீட்டுக்கும் இரண்டு இசட் போட்டீர்களோ, வெயிலில் ஒரு மீடிறன், நிழலில் வேறு மீடிறன். பச்சைப் பொலியெஸ்டர் வாங்குங்கள். 220 பிக்கோவுக்கு மட்டும் செராமிக்கில் என்பி0 வகை கேளுங்கள், அது அசையாது.

மறுகா, நாம் இருப்பது கடற்கரை. 1 மெகா ஓம் இருக்கும் இடத்தில் ஃபிளக்ஸ் கறையும் உப்பு ஈரமும் சேர்ந்தால் அதுவே ஒரு ரெசிஸ்டர். ஈயம் வைத்து முடிந்ததும் அற்ககோலால் தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் வார்னிஷ் பூசுங்கள். எனது ஒரு பலகை மாரி மழைக்குள் இரண்டு வாரத்தில் செத்தது.

வாவிக்கரையான்

நன்றி எல்லோருக்கும். ஒரே ஒரு சந்தேகம். பொருள் பட்டியலில் நடுக்காலின் பின் வரும் ரெசிஸ்டர் 47 கிலோ ஓம், சரியா?

றேடியோக் காக்கா

ஓம்.

வாவிக்கரையான்

ஓம் என்று தெரியும் காக்கா, 47 கிலோவா 4.7 கிலோவா?

றேடியோக் காக்கா

47 கிலோ ஓம், ஓம்.

வாவிக்கரையான்

(ஒன்பது நாள் கழித்து) கட்டி முடிந்தது. முதல் தடவையே வேலை செய்தது என்று சொன்னால் நம்புவீர்களா? மூன்று வெளியீடும் வருகின்றன. ஒரே ஒரு குறை. சுவிட்சின் மேல் பட்டையில் (220 பிக்கோ) மீடிறன் குமிழையும் கியூவையும் முழுக்கத் திருப்பினால் சுற்று தானே விசில் அடிக்கிறது, உள்ளே ஒன்றும் கொடுக்காமல்.

தொகையீடு

கியூவுக்கு நான் சொன்ன 3.3 கிலோ போட்டீர்களா?

வாவிக்கரையான்

ஏர்த்துக்குப் போவதற்கு மட்டும் 1 கிலோ போட்டேன். கியூ கூடினால் இன்னும் கூர்மையாகப் பிடிக்கும் என்று நினைத்தேன்.

தொகையீடு

அண்ணா! அப்படியானால் உச்ச கியூ 35. டிஎல்074 இன் நயப் பட்டையகலம் (அதன் வேக எல்லை) 3 மெகா ஹெர்ட்ஸ். 15 கிலோ ஹெர்ட்ஸில் மூன்று விரியலாக்கியும் கொஞ்சம் கொஞ்சம் பிந்தும். அந்தப் பிந்தல் பிரேக்கைத் தளர்த்தும். காகிதத்தில் 35 என்றால் அங்கே 100 ஐத் தாண்டிவிடும், சற்றுப் பிசகினால் தானே ஒலிக்கும் அலையியற்றி. கீழ்ப் பட்டைகளில் இது நடக்காது. ஆனாலும் 3.3 ஐப் போடுங்கள்.

வாவிக்கரையான்

போயாவுக்கு (பௌர்ணமிக்கு) இரண்டு நாள்தான் இருக்கிறது. வந்து மாற்றுகிறேன். நான் பாவிக்கப்போவது சுவிட்சில் 2.2 நானோ இருக்கும் நடு நிலைதான்.

வாவிக்கரையான்

கேட்டேன்!!! நேற்று இரவு 11 மணிக்குப் பிறகு. காற்று இல்லை, நிலவு தலைக்கு மேலே. நடுப்பட்டை வெளியீடு, கியூ முழுக்க, குமிழ் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஹெட்ஃபோனில் டிங்... டிங்... டூஊங் என்று மணி மாதிரி, ஒரே சுருதியில், சில நேரம் நீளமாக. தோணிக்காரப் பெரியப்பாவுக்குக் கொடுத்தேன், அவரும் ஆச்சரியப்பட்டார். 22 நிமிடப் பதிவு இருக்கிறது. கை நடுங்குகிறது, பிழை இருந்தால் மன்னிக்கவும்.

சிப்புப்பிரியன்

மச்சான், சுற்று பற்றிச் சொன்னதெல்லாம் வாபஸ். போடு பதிவை!

உப்புக்காத்து

அருமை. வாழ்த்துகள் தம்பி.

தொகையீடு

அண்ணா, சந்தோஷத்தைக் கெடுப்பதாக நினைக்க வேண்டாம். கேட்டுக்கொண்டிருக்கும்போது மீடிறன் குமிழைத் திருப்பினீர்களா? திருப்பியபோது பாட்டின் சுருதி என்ன ஆனது?

வாவிக்கரையான்

சரியான இடம் கிடைத்ததும் தொடவில்லை. அதற்கு முன் தேடும்போது... கூடிக் குறைந்தது என்று நினைக்கிறேன். ஏன்?

தொகையீடு

கூர்மையான நடுப்பட்டை வடிகட்டி ஒரு மணி. எதால் தட்டினாலும் தன் மீடிறனில்தான் ஒலிக்கும். கியூ எவ்வளவோ, ஏறக்குறைய அத்தனை சுழற்சிக்குள் ஓயும். உங்கள் கியூ 35. 600 ஹெர்ட்ஸில் அது கிட்டத்தட்ட 60 மில்லி செக்கன், காதுக்குத் தெளிவாக டிங் என்று கேட்கும். தோணியில் சொட்டிய ஒரு துளியும் டிங். அலை உரசினால் நீளமான டூஊங். மீன் பாடினால் குமிழைத் திருப்பும்போது சத்தம் கூடிக் குறையும், சுருதி அசையாது. சுருதி குமிழோடு சேர்ந்து போனால் பாடுவது வடிகட்டி.

வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் மைக்கைப் போட்டு, அதே நிலையில் விரலால் சொட்டு விட்டுப் பாருங்கள்.

வாவிக்கரையான்

(மறுநாள்) வாளி பாடுகிறது.

குளியலறையில் 20 நிமிடம் வாளியோடு உட்கார்ந்திருந்தேன். அதே டிங், அதே டூஊங். குமிழைத் திருப்பினால் சுருதி பின்னாலேயே வருகிறது. பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வேன்?

சிப்புப்பிரியன்

வாளிப் பதிவையும் போடு மச்சான். எது வாளி, எது வாவி என்று போட்டி வைக்கலாம்.

றேடியோக் காக்கா

தம்பி, வெட்கப்பட ஒன்றுமில்லை. 1848 இல் மட்டக்களப்புக்கு வந்த, இலங்கையின் ஆங்கில ஆட்சிச் செயலாளர் எமர்சன் டெனன்ட், அந்தச் சத்தத்தை ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்ப்பது போல என்றுதான் எழுதினார். ஆனால் அதற்கடுத்த வரியைப் பாருங்கள். அது நீண்ட ஒரே சுரமில்லை, சின்னச் சின்னச் சத்தங்களின் கூட்டம், மிக உயர்ந்ததும் மிகத் தாழ்ந்ததும் கலந்தது என்கிறார். மீனவர்கள் அவருக்குக் காட்டியதும் மீனை அல்ல, ஊரியை (நத்தை மாதிரி ஓட்டுப் பிராணி). அப்படிப் பரந்த ஒன்றைக் கியூ 35 ஊசித் துளைக்குள்ளால் பார்த்தால் ஊசிதான் தெரியும்.

இந்த முறை நடுப்பட்டையை விடுங்கள். உயர்மீடிறன் வெளியீடு, கியூ 0.7, வெட்டு 200 க்கும் 300 க்கும் இடையில். படகும் அலையும் மட்டும் குறையட்டும், மிச்சத்தைத் தொட வேண்டாம்.

வாவிக்கரையான்

3.3 கிலோ போட்டாயிற்று. வாளியில் இப்போது சொட்டு சொட்டாகவே கேட்கிறது. குமிழைத் திருப்பினால் பாரம் மட்டும் கூடிக் குறைகிறது, பாட்டில்லை. சிவப்பு விளக்கும் எரியவில்லை. அடுத்த போயாவுக்குத் தோணி சொல்லிவிட்டேன்.

பெரியப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். "அப்ப நான் கேட்டது உன்ட பெட்டியா" என்றார். துடுப்பையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், ஒரே நேரத்தில் இரண்டிலும் கேட்டுப் பார்க்க.

றேடியோக் காக்கா

நானும் வரலாமா? தோணியில் ஓர் ஆளுக்கு இடமிருக்கிறதா?

வாவிக்கரையான்

ஓம்.

றேடியோக் காக்கா

எத்தனை கிலோ?